மருந்து டப்பாவைக் கீழே வையுங்கள்: மூட்டைப்பூச்சியை அறிகுறி பார்த்து ஒழிக்கும் வழி

வீட்டில் மூட்டைப்பூச்சி என்று தெரிந்த இரவே எல்லோரும் மூன்று காரியம் செய்கிறோம். கையில் கிடைத்த ஸ்ப்ரேயை மெத்தையெல்லாம் அடிக்கிறோம். மறுநாள் மெத்தையை இழுத்துக்கொண்டு போய் வெளியே போடுகிறோம். தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறையில் போய்ப் படுக்கிறோம். மூன்றையும் நானும் செய்தேன். ஒரு கட்டிலில் இருந்தது இரண்டு மாதத்தில் மூன்று அறைக்கும் சோபாவுக்கும் போய்ச் சேர்ந்தது. பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்: பூச்சியைத் துரத்தக் கூடாது, அது நம்மைத் தேடி வரும் வழியில் மறிக்க வேண்டும். படுக்கையை விட்டு ஓடாமல் அந்தப் படுக்கையையே பொறியாக்க வேண்டும். மருந்து அதற்குப் பிறகுதான், அதுவும் தேவைப்பட்டால்.

உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்த இடத்திலிருந்து படியுங்கள்.

## காலையில் தடிப்பு இருக்கிறது, பூச்சி கண்ணில் படவில்லை

கடியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வரிசையாக மூன்று நான்கு தடிப்பு இருந்தால் மூட்டைப்பூச்சி என்பார்கள். பல சமயம் சரிதான், ஆனால் தெள்ளுப்பூச்சியும் அப்படிக் கடிக்கும். தடிப்பை மட்டும் பார்த்து எந்தப் பூச்சி என்று தோல் மருத்துவரே அடித்துச் சொல்ல மாட்டார். வீட்டில் நாய், பூனை இருந்து, கடியெல்லாம் கணுக்காலைச் சுற்றியே இருந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் இரவில் அரிப்பு தாங்கவில்லையென்றால் அது சொறி சிரங்காக இருக்கலாம். அதற்குக் காரணமான மிகச் சிறிய உண்ணி தோலுக்குள்ளேயே குடியிருப்பது. கட்டிலைப் பிரித்துப் பயனில்லை, டாக்டரிடம் போங்கள்.

மூட்டைப்பூச்சிக்குச் சாட்சி கடி அல்ல, கறை. ஒரு டார்ச், காலாவதியான ஏ.டி.எம். கார்டு, கொஞ்சம் ஈரப் பஞ்சு போதும். பெட்ஷீட்டை உதறாமல் நான்கு மூலையிலிருந்தும் உள்பக்கமாகச் சுருட்டி எடுங்கள். மெத்தையின் ஓரத்தைச் சுற்றித் தைத்திருக்கும் நாடாவை விரலால் மலர்த்திக்கொண்டே தலைமாட்டு மூலையிலிருந்து பார்த்து வாருங்கள். டார்ச்சை மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. மெத்தை மட்டத்துக்குத் தாழ்த்திச் சாய்வாக அடித்தால் சின்ன மேடுகூட நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

பேனா முனையால் தொட்டுத் தொட்டு வைத்தது போல் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருக்கின்றனவா? ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். செம்பழுப்பாகக் கரைந்து இழுபட்டால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த நம் ரத்தம். உருண்டு வந்துவிட்டால் வேறு ஏதோ குப்பை. பக்கத்திலேயே வெளிர்மஞ்சள் நிறத்தில் உரித்த சட்டைகள் கிடக்கும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு பெரிதாவதற்குள் ஐந்து முறை சட்டை உரிக்கிறது, ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது ஒரு வேளை ரத்தம் வேண்டும். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர், ஆப்பிள் விதை அளவு, பசியில் தட்டை. குஞ்சுக்குப் பசியில் நிறமே கிடையாது என்றே சொல்லலாம். குடித்த பிறகுதான் வயிற்றில் குண்டூசித் தலை போலச் சிவப்பு தெரியும். முட்டை 1 மில்லிமீட்டர், முத்து வெள்ளை, பிசின் வைத்து ஒட்டியது போல் இருக்கும். தட்டினால் விழாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

மெத்தையில் ஒன்றுமில்லை என்றால் பெருமூச்சு விட வேண்டாம், கட்டிலைப் பாருங்கள். எங்கள் வீட்டில் மெத்தை சுத்தமாகத்தான் இருந்தது. தலைமாட்டுப் பலகையைச் சுவரிலிருந்து இழுத்து, அதைப் பிடித்திருந்த ஸ்குரூ ஒன்றைக் கழற்றினேன். ஓட்டையின் வாயைச் சுற்றி உப்புத் தூள் ஒட்டியது போல் முட்டை. டார்ச்சைக் காட்டியதும் உள்ளே மெல்லிய கால்கள் அசைந்தன. கார்டின் மூலையைச் சீவிக் கூர்மையாக்கி, நுழைத்து நுழைத்து இழுத்தேன். வெளியே வந்தவை பதினேழு. அந்த ஓட்டைக்குள் பென்சில் முனைகூட முழுதாகப் போகாது. கார்டின் விளிம்பு எங்கெல்லாம் நுழையுமோ அங்கெல்லாம் பூச்சியும் நுழையும், இதுதான் அளவுகோல்.

## வீட்டில் ஒருவரை மட்டும் கடிக்கிறது

பெரும்பாலும் எல்லோரையும்தான் கடிக்கிறது, ஒருவருக்கு மட்டும் தடிக்கிறது. சிலருக்குக் கடித்த சுவடே தெரியாது. சிலருக்குத் தடிப்பு வரவே பல நாள் ஆகும். அதனால் "போன வாரம் போன இடத்தில்தான் கடித்தது" என்ற கணக்கும் தப்பலாம். யாருக்குத் தடிக்கவில்லையோ அவர் கட்டிலையும் சேர்த்துப் பாருங்கள். என் அனுபவத்தில் அங்கேதான் கூட்டம் அதிகம், அவர் புகார் சொல்வதே இல்லையே.

## கறை உறுதி. இன்று இரவு என்ன செய்வது?

அதே கட்டிலில் படுங்கள். சொல்லும்போதே உடம்பு கூசுகிறது, தெரியும். நம் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடும் உடம்புச் சூடும்தான் இந்தப் பூச்சியை அழைத்து வருகின்றன. நீங்கள் அடுத்த அறைக்குப் போனால் அதுவும் தேடிக்கொண்டு வரும். அறையைப் பூட்டிப் பட்டினி போடலாம் என்றால், சாப்பிடாமல் மாதக்கணக்கில் கிடக்கும் பிராணி அது, குளிர்ந்த இடத்தில் இன்னும் அதிகம். பறக்காது, குதிக்காது, நடந்துதான் வர வேண்டும். இந்தப் பலவீனத்தைத்தான் நாம் பயன்படுத்தப்போகிறோம்.

முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். இடுக்கு இடுக்காக கார்டால் சுரண்டி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். முடிந்ததும் அதன் பையை அங்கேயே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். இதை மறந்தால் வேக்குவம் கிளீனரே அவற்றுக்கு வாகனமாகிவிடும்.

பெட்ஷீட், போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் அந்த அறைக்குள்ளேயே பையில் போட்டு வாயைக் கட்டி எடுத்துப் போங்கள். அணைத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்காதீர்கள். 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் முட்டையும் சேர்ந்து போகும். துணி உலர்த்தும் டிரையர் இருந்தால் துவைப்பதுகூட இரண்டாம் பட்சம், உயர் சூட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டால் போதும். சூடு தாங்காத பொருளை உறைபெட்டியில் –18 டிகிரியில் குறைந்தது 4 நாள் வையுங்கள். சிறிது நேரம் வைத்து எடுப்பதை நம்ப முடியாது.

மெத்தையை எறிய வேண்டாம். முழு மெத்தையையும் மூடும் ஜிப் உறை ஒன்று போட்டு, ஜிப் முடியும் இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். உள்ளே மாட்டியவை வெளியே வர முடியாமல் சாகும். ஒரு வருடத்துக்கு அவிழ்க்காதீர்கள்.

இனி கட்டிலைத் தீவாக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்துங்கள். போர்வை நுனி, கொசுவலை, செல்போன் சார்ஜர் ஒயர் எதுவும் தரையையோ சுவரையோ தொடக் கூடாது. கட்டிலடியில் திணித்திருக்கும் பெட்டி, பழைய துணி எல்லாம் வெளியே வந்து தனித்தனியாகச் சோதனை ஆக வேண்டும். நான்கு கால்களுக்கும் கீழே பொறிக்கிண்ணம் வையுங்கள். விலைக்கு வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். பெரிய பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் சின்னக் கிண்ணம், அதற்குள் கட்டில் கால். பெரிய கிண்ணத்தின் வெளிச்சுவரில் சொரசொரப்பான பேப்பர் டேப் சுற்றுங்கள், ஏறி வரட்டும். இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தின் சுவர்களில் டால்கம் பவுடரை மெலிதாகத் தடவுங்கள், விழுந்தது ஏற முடியாது.

பவுடர் விஷயத்தில் சோம்பல் கூடாது. மனிதனைக் கடிக்கும் மூட்டைப்பூச்சியில் முக்கியமாக இரண்டு வகை. குளிர்ப் பகுதிகளில் அதிகம் இருப்பது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ், வெப்பப் பகுதிகளில் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இரண்டாவதன் கால் நுனியில் பிடிமான மயிர்கள் கூடுதல். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அது சர்வ சாதாரணமாக ஏறிவிடும். வெறும் கிண்ணத்தை வைத்துவிட்டு "பூச்சியே விழவில்லை, போய்விட்டது" என்று மகிழ்ந்தவர்கள் பலர்.

ஸ்டீமர் இருந்தால் கட்டில் மூட்டுகள், சோபா மடிப்புகளில் காட்டலாம். வாய் அகலமான முனையைப் போட்டு, ஒரு சாண் தூரத்தை மெல்ல எட்டு பத்து நொடியில் கடக்க வேண்டும். கூர்முனையில் வேகமாக அடித்தால் ஆவி பூச்சியைக் கொல்லாமல் ஊதித் தள்ளிவிடும். ஹேர் டிரையர் செய்வதும் பெரும்பாலும் அதையேதான்.

## மெத்தையை வெயிலில் காயவைத்தும் போகவில்லை

போகாது. 50 டிகிரிக்கு மேல் சூடு நேராகப் பட்டால் பூச்சியும் முட்டையும் சீக்கிரம் சாகும். 48 டிகிரி என்றால் முட்டை சாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மெத்தையின் மேல்துணி கை சுடும் அளவு கொதித்தாலும் உள்ளே அவ்வளவு சூடு போவதில்லை. பூச்சியும் சும்மா இருக்காது, நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். இரும்புக் கட்டிலைப் பிரித்துக் கொதிக்கும் வெந்நீரை மூட்டுகளில் ஊற்றுவது இதைவிட நூறு மடங்கு நல்ல வைத்தியம். பிளைவுட் கட்டிலுக்கு மட்டும் வேண்டாம், உப்பிவிடும்.

## மருந்து அடித்தேன், பத்து நாளில் மறுபடியும் கடி

இங்கேதான் அதிகம் பேர் மனம் உடைந்துபோகிறார்கள். இரண்டு காரணம் உண்டு.

ஒன்று முட்டை. பல மருந்துகள் முட்டையைத் தொடுவதில்லை. வெதுவெதுப்பான அறையில் முட்டை பொரிய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும், குளிர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். நீங்கள் அடித்த அன்று முட்டைக்குள் இருந்தவைதான் பத்தாம் நாள் கடிக்கின்றன. எனவே ஒரு முறை அடிப்பது என்பதே பாதி வேலை. பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் இரண்டாவது முறை, அதாவது புதுக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்கு முன். கூட்டம் அதிகமாக இருந்திருந்தால் மூன்றாவதும். ஒரே தடவையில் முடித்துத் தருகிறேன் என்று மருந்து மட்டும் அடித்துவிட்டுப் போகிறவரிடம், இரண்டாவது வருகை எப்போது என்று முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அந்தக் கேள்விக்குச் சிரித்தார். பிறகு போனையே எடுக்கவில்லை.

இரண்டாவது காரணம், மருந்துக்குப் பழகிப்போவது. இது புதுக் கதையல்ல. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைப் பெரிய அதிசயமாகப் பார்த்த காலத்திலேயே, 1947-ல், ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பரில் அமெரிக்கக் கடற்படையினர் தங்கும் இடங்களில் அதற்கு அசராத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள். இன்று வீட்டு ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகளுக்கும் உலகின் பல பகுதிகளில் அதே நிலைதான். மருந்து பட்ட பூச்சி ஒரு மணி நேரம் கழித்தும் நிதானமாக நடந்து போனால், அதே டப்பாவை இன்னும் இரண்டு வாங்காதீர்கள். டயட்டோமேசியஸ் எர்த் (நுண்பாசிகளின் படிவத் தூள்), சிலிக்கா தூள் போன்றவை வேறு வழியில் வேலை செய்கின்றன. பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகை உறிஞ்சி அதை உலர்த்திக் கொல்கின்றன. பூச்சிக்கென்று விற்கும் தூளை மட்டும் வாங்கி, முகமூடி போட்டுக்கொண்டு, சுவர் விரிசல், கட்டில் இடுக்கு இவற்றுக்குள் தூரிகையால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு பூசுங்கள். குவித்துப் போட்டால் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும். மெத்தை மேல் வேண்டாம், மூச்சில் போகும்.

## மருந்து அடித்த பிறகு இல்லாத அறையிலெல்லாம் வந்துவிட்டது

அறை நடுவில் வைத்துப் புகையவிடும் டப்பா போட்டீர்களா? அந்தப் புகை காற்றில் மிதந்து மேற்பரப்பில் படியும். இடுக்குக்குள் இருப்பவற்றை எட்டாது, எரிச்சல் மூட்டிக் கலைத்துவிடும். இனி கிண்ணம் எல்லா அறைக் கட்டிலுக்கும், சோபாவுக்கும் வேண்டும். எங்கே எத்தனை விழுகின்றன என்று ஒரு வாரம் குறித்து வைத்த பிறகே அடுத்த வேலை.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் போல என்று பழமொழியாகத்தான் சொல்கிறோம். மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் ஊற்றி அதை நிஜமாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தைப் படுக்கையில் தெளிப்பதும் அதே ரகம். எல்லாவற்றிலும் பயங்கரம், தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அறையில் வைப்பது. ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு வரும். சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்குப் போய், சம்பந்தமே இல்லாமல் உறங்கியவர்களைக் கொன்றிருக்கிறது. யார் எவ்வளவு மலிவாகச் செய்து தருகிறேன் என்றாலும் அந்த மாத்திரையை வாசலுக்குள் விடாதீர்கள்.

மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால் தானே ஆறும். முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ மட்டும் உடனே டாக்டர்.

## எல்லாம் செய்தாயிற்று, வாரம் ஒன்றிரண்டு விழுந்துகொண்டே இருக்கிறது

எங்கே விழுகிறது என்று பாருங்கள். கிண்ணத்தின் உள்வட்டத்தில் என்றால் பூச்சி இன்னும் கட்டிலிலேயே இருக்கிறது, கட்டிலின் ஏதோ ஒரு மூட்டுப் பகுதியை நீங்கள் பிரிக்கவில்லை. வெளிவட்டத்தில் என்றால் அறையிலிருந்து வருகிறது: திரைச்சீலையின் மேல் மடிப்பு, சுவரில் மாட்டிய படத்தின் பின்பக்கம், தலைமாட்டு சுவிட்ச் பெட்டி, எப்போதும் கட்டில்மேல் வைக்கும் முதுகுப்பை. அடுக்குமாடி என்றால் பக்கத்து வீட்டையும் கேட்டாக வேண்டும். ஒயர் குழாய், பைப் துளை வழியே வரும். கூச்சம்தான், ஆனால் நான் கதவைத் தட்டிச் சொன்னபோது எதிர்வீட்டுக்காரர், "அப்பாடா, எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்தேன்" என்றார். இரண்டு வீடும் ஒரே நாளில் செய்த பிறகுதான் நின்றது.

## ஓட்டல் அறையில் சந்தேகம்

உள்ளே நுழைந்ததும் பெட்டியைக் கட்டிலிலும் வைக்காதீர்கள், பெட்டி வைக்கும் ஸ்டாண்டிலும் வைக்காதீர்கள், குளியலறையில் வையுங்கள். ஐந்து நிமிடம்: தலைமாட்டு மூலையில் பெட்ஷீட்டை விலக்கி மெத்தை நாடா, தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் டார்ச், பக்க மேசை இழுப்பறையின் அடிப்பக்கம், கடைசியில் அந்த ஸ்டாண்டின் பட்டைகள். அறை பளபளப்பாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதுதான் கணக்கு. கறை கிடைத்தால் படம் எடுத்துவிட்டு வேறு அறை கேளுங்கள். ஒட்டிய அறையோ நேர் மேலே கீழேயோ வேண்டாம் என்று சொல்லியே கேளுங்கள்.

விடிந்த பிறகுதான் தெரிந்தது என்றால், வீடு திரும்பியதும் பெட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். துணியெல்லாம் நேராகச் சூட்டுக்கு. பெட்டியின் ஓரத்தையல், சக்கரத்தைச் சுற்றிய இடுக்கு, உள்துணியின் ஜிப் ஆகியவற்றைச் சுரண்டி உறிஞ்சி, கட்டிய பையில் தனியாக வையுங்கள்.

ஓட்டல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விருந்தாளி சொன்னதும் "நீங்கள்தான் கொண்டுவந்திருப்பீர்கள்" என்று வாதாடுவது வீண், அதை நிரூபிக்க முடியாது. அறையை விற்பனையிலிருந்து எடுங்கள். இருபக்க அறை, மேல் அறை, கீழ் அறை நான்கையும் அன்றே பாருங்கள். அந்த மெத்தையைத் தாழ்வாரம் வழியாக இழுத்துப் போகக் கூடாது. விரிப்புகளை அறைக்குள்ளேயே பையில் கட்டாமல் தள்ளுவண்டியில் போட்டால், வண்டி போகும் அறைக்கெல்லாம் விதைப்பாகிவிடும். முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் படுக்கை விரிக்கும் ஊழியர்தான். அவர் கறையைப் பார்த்துச் சொன்னால் திட்டு விழும் என்ற நிலை இருந்தால், அடுத்த முறை பெட்ஷீட்டை இழுத்து மூடிவிட்டுப் போவார்.

## கடி நின்றுவிட்டது, தூக்கம்தான் வரவில்லை

இதுவும் அறிகுறிதான். நூல் பட்டாலும் பூச்சி, வியர்த்தாலும் பூச்சி. நடுராத்திரி எழுந்து டார்ச் அடிப்பது எனக்கு மாதக்கணக்கில் போகவில்லை. கிண்ணங்களை எடுத்துவிடாதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் கிண்ணத்தில் எதுவும் விழாமல், புதுக் கறையும் இல்லாமல் போனால்தான் ஓய்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் குனிந்து பார்க்க வேண்டாம். நான் சனிக்கிழமை காலை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். பார்த்து, பவுடரைத் துடைத்துப் புதிதாகத் தடவி, காலண்டரில் ஒரு சுழி போடுவேன். நான்காவது சுழி போட்ட வாரத்தில்தான் டார்ச் தலையணைக்கு அடியிலிருந்து அலமாரிக்குப் போனது.